ஒலுவில் கரை, வாவி முகத்துவாரம், டிப்பர் மண்: எங்கள் பக்கத்து வளர்ச்சியை எதை வைத்து அளக்கிறோம்?

வாவிக்கரை (மட்டக்களப்பு)

2022இல் 7 வீதத்துக்கு மேல் சுருங்கிப்போன நாட்டின் பொருளாதாரம் 2024இல் 5 வீதம் வளர்ந்திருக்கிறது. நல்ல செய்திதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த 5 வீதத்துக்குள் எங்கள் வாவி, கரை, வயல், மேய்ச்சல் தரை எல்லாம் எப்படிக் கணக்கில் வருகின்றன என்று யாராவது யோசித்துப் பார்த்திருக்கிறீர்களா?

மொத்த உள்நாட்டு உற்பத்தி ஓராண்டில் உற்பத்தியான பொருட்களையும் சேவைகளையும் அவற்றின் விலையில் கூட்டிச் சொல்கிறது. கண்டல் காட்டை வெட்டி விறகாக விற்றால் அந்தக் காசு அதில் சேரும். அந்தக் கண்டல் வேர்களுக்குள் இறால் குஞ்சும் மீன் குஞ்சும் வளர்ந்து வாவிக்குப் போய்க்கொண்டிருந்ததே, அது அழிந்ததைக் கழிக்க அந்தக் கணக்கில் இடமில்லை. வீட்டில் படுக்கையில் கிடக்கும் தாயைப் பார்த்துக்கொள்ளும் மகளின் வேலைக்கும் இடமில்லை. இதற்கு அடித்தளமான தேசிய வருமானக் கணக்கை அமெரிக்காவில் 1934இல் உருவாக்கிக் கொடுத்த சைமன் குஸ்நெட்ஸே அந்த அறிக்கையிலேயே எச்சரித்திருந்தார், தேசிய வருமானத்தை வைத்து ஒரு நாட்டு மக்கள் நலமாக இருக்கிறார்களா என்று முடிவுகட்ட முடியாது என்று. தொண்ணூறு வருடம் கழித்தும் நாங்கள் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம்.

இந்த இழையைத் தொடங்கியதற்குக் காரணம் இருக்கிறது. 2025 மே தேர்தலுக்குப் பிறகு பிரதேச சபைகள் மறுபடி இயங்குகின்றன. திட்டங்கள் வரும், அடிக்கல் நடுவார்கள். எத்தனை கோடி என்று மட்டும் கேட்டுவிட்டு விடுகிறோம். எது அழியும், அது யார் தலையில் விழும் என்பதையும் அதே கூட்டத்தில் கேட்கவேண்டும் என்பது என் வாதம். அம்பாறை மாவட்டத்து ஒலுவில் துறைமுகம் இதற்குப் பெரிய பாடம். அந்தப் பக்கத்து ஆக்கள் இருந்தால் எழுதுங்கள்.

கரைவலை (நிந்தவூர்)

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லாருக்கும் வணக்கம். வாவிக்கரை தம்பி கேட்டதால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கரையில் மணல் ஒரு இடத்தில் கிடப்பதில்லை. வருடக் கணக்கில் பார்த்தால் அலை அதைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்திக்கொண்டே இருக்கும். போன மணலுக்குப் பதிலாகத் தெற்கிலிருந்து வேறு மணல் வந்து சேரும், அதனால்தான் கரை கரையாக நிற்கிறது. டென்மார்க் கடனில் ஒலுவிலில் துறைமுகம் கட்டும்போது கடலுக்குள் பாறாங்கல் போட்டு அலைதடுப்புச் சுவர் நீட்டினார்கள். 2013 செப்டெம்பரில் திறந்தார்கள். சுவருக்குத் தெற்கே மணல் குவிந்தது. வடக்கே வரவேண்டிய மணல் நின்றுபோனது. முதலில் ஒலுவில் கரையைக் கடல் அரித்தது, பிறகு எங்கள் நிந்தவூர்ப் பக்கம் ஏறி வந்தது. தென்னைகள் வேர் வெளியே தெரியச் சாய்ந்து கிடந்ததைப் பார்த்தவர்கள் இந்த இழையிலேயே இருப்பீர்கள்.

கரைவலை பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தோணியில் வலையைக் கொண்டுபோய்க் கடலில் வளைத்துவிட்டு, இரண்டு கயிற்றையும் கரையில் நின்று இழுக்கவேண்டும். ஒவ்வொரு பக்கமும் வரிசையாக ஆட்கள் காலை மணலில் ஊன்றிப் பின்னுக்கு நடந்து இழுப்பார்கள். மடி கரைக்கு வரும்போது மீனைக் கொட்டிப் பிரிக்க இடம் வேண்டும், வலையைக் காயப்போட இடம் வேண்டும், வாடி (மீனவர் குடிசை) போட இடம் வேண்டும். இதெல்லாம் அகலமான மணல் திடலில்தான் நடக்கும். திடல் போய்விட்டால் தோணியும் வலையும் அவற்றுக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியும் இருந்தும் தொழில் இல்லை. வாடியைப் பின்னுக்குத் தள்ளலாம் என்றால் பின்னால் இருப்பது வேறொருவரின் காணி.

துறைமுகமாவது மீனவனுக்கு முழுசாகப் பயன்பட்டதா? வாயிலை மணல் அடைத்துப் படகு போய்வர முடியாமல் கிடந்தது. மணல் தோண்டினார்கள், மறுபடி அடைத்தது.

இப்போது கணக்கைப் பாருங்கள். துறைமுகம் கட்டியது வளர்ச்சியில் சேர்ந்தது. அரிப்பைத் தடுக்கக் கல் போட்டது சேர்ந்தது. மணல் தோண்டிய செலவும் சேர்ந்தது. கயிறு இழுத்துப் பங்கு வாங்கிய மனிதன் கூலி வேலைக்குப் போனான், அவன் இழந்த தொழில் எந்த வரியிலும் இல்லை. துறைமுகமே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஆழ்கடலுக்குப் போகிறவர்களுக்குத் துறை தேவை. மணல் எந்தப் பக்கம் ஓடும் என்பது எங்கள் கரையில் பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். அதை எங்களிடம் கேட்டுவிட்டுக் கட்டியிருக்கலாம்.

செங்கலடிப் பெடியன்

கரைவலைக் காக்கா (முஸ்லிம் அண்ணனை இப்படித்தான் கூப்பிடுவோம்) சொன்னது நியாயம். ஆனால் வாவிக்கரை அண்ணன் எழுதியதோடு எனக்கு ஒத்துவரவில்லை.

வளர்ச்சியைப் பற்றிக் கேள்வி கேட்பது மாதச் சம்பளம் வருகிறவர்களுக்குச் சுலபம். முப்பது வருடச் சண்டையில் எங்கள் பக்கம் ஒன்றும் வளரவில்லை, அது முடிந்து கொஞ்சம் ரோடும் கரண்டும் வந்தது. நாட்டின் உற்பத்தியில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு மேல் மாகாணத்திலேயே நடக்கிறது. கிழக்கு அதன் பக்கத்தில்கூட இல்லை. என் வகுப்புப் பெடியன்கள் பாதிப் பேர் கட்டாரிலும் சவூதியிலும் இருக்கிறார்கள், மிச்சப் பேர் கொரியாவில் வேலைக்குப் போகும் பரீட்சைக்குப் படிக்கிறார்கள். நான் மண் ஏற்றும் டிப்பரில் ஓடுகிறேன். ஆற்று மண் எடுப்பதால் கரை இடிகிறது, கிணற்று நீர் இறங்குகிறது என்று எனக்கும் தெரியும், நாள்தோறும் பார்க்கிறேன். டிப்பரை நிறுத்தினால் அடுத்த மாதம் என் வீட்டில் அடுப்பு எரிவதற்கு யார் பொறுப்பு?

வளராவிட்டால் என்ன ஆகும் என்று 2022இல் பார்த்தோம்தானே. பெற்றோல் வரிசை, காஸ் வரிசை, மருந்தில்லாத ஆஸ்பத்திரி. அதைத்தான் திரும்பவும் கேட்கிறீர்களா?

வாவிக்கரை (மட்டக்களப்பு)

தம்பி, உங்கள் கேள்விதான் இந்த இழையில் முக்கியமான கேள்வி.

2022இல் நடந்தது யாரும் யோசித்து எடுத்த முடிவு இல்லை. கடன் வாங்கி வாங்கி வளர்ந்து, கட்ட முடியாமல் 2022 ஏப்ரலில் கைவிரித்ததால் வந்த வீழ்ச்சி அது. 2019இல் உலக வங்கி எங்களை மேல் நடுத்தர வருமான நாடு என்று உயர்த்தியது, அடுத்த வருடமே கீழிறக்கியது. அந்த ஏற்றம் உங்கள் வீட்டுக்கோ என் வீட்டுக்கோ தெரிந்ததா? வளர்ச்சியைக் குறைக்கவேண்டும் என்று எழுதுகிற பொருளியலாளர்கள்கூட அதிகம் எரித்து அதிகம் வீணாக்கும் பணக்கார நாடுகளைப் பார்த்துத்தான் சொல்கிறார்கள். செங்கலடியைப் பார்த்து யாரும் சொல்லவில்லை. இங்கே வளரவேண்டியது நிறைய இருக்கிறது. ஆஸ்பத்திரி வளரட்டும், பஸ் வளரட்டும், குடிநீர் வளரட்டும். எது வளரவேண்டும், எதைத் தின்று வளரக்கூடாது என்பதை நாங்கள் தெரிவு செய்யவேண்டும் என்கிறேன்.

உங்கள் அடுப்புப் பற்றிய கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. மற்றவர்களும் எழுதட்டும்.

களுவாஞ்சிகுடி அக்கா

அடுப்பு என்றதும் எனக்கு இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வளர்ச்சி என்று சொல்லி எங்கள் திண்ணைக்கே வந்த ஒன்று கிழமை லோன்.

எப்படி நடந்தது என்று ஆண்களுக்குச் சரியாகத் தெரியாது. ஒரு வீட்டுத் திண்ணையில் பெண்களைக் குழுவாக உட்கார்த்துவார்கள். ஒருத்தி எடுத்தால் மற்றவர்கள் பிணை. கோழி வளர்க்க, தையல் மெஷின் வாங்க என்று எழுதுவார்கள், உண்மையில் பிள்ளையின் ரியூசனுக்கும் மருந்துக்கும் போகும். கிழமைக் கிழமை அதே திண்ணையில் கட்டவேண்டும். ஒருத்தி வராவிட்டால் லோன்காரர் எழும்பமாட்டார். மற்றப் பெண்கள் அவள் வீட்டுக்குப் போய் வாசலில் நிற்கவேண்டும். ஒன்றாகத் திரிந்த சிநேகிதிகள் ஒருத்தி முகத்தில் ஒருத்தி முழிக்காமல் போனது இப்படித்தான். ஒரு கம்பனிக்குக் கட்ட இன்னொரு கம்பனியில் எடுப்போம். நானும் எடுத்தேன். எனக்குத் தந்தவர்கள் காதுத் தோட்டைக் கழற்ற வைத்துத்தான் கடைசித் தவணையை வாங்கினார்கள்.

2018இல் அரசாங்கம் வரட்சி பாதித்த 12 மாவட்டங்களில் ஒரு லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட, கட்ட முடியாமல் நின்ற பெண்களின் கடன்களைத் தள்ளுபடி செய்தது. மட்டக்களப்பும் அம்பாறையும் அதில் இருந்தன. வட்டிக்கு 35 வீதம் என்று உச்சவரம்பு போட்டார்கள். உச்சவரம்பே 35 என்றால் அதற்கு முன்னால் எவ்வளவு வாங்கியிருப்பார்கள் என்று பாருங்கள். இதெல்லாம் நாட்டுக் கணக்கில் நிதிச் சேவையாகச் சேரும்.

கூட்டுறவுச் சங்கத்துக் கிராமிய வங்கியில் நகை வைத்தால் மரியாதையாக நடத்துவார்கள். சங்கக்கடையும் கிராமிய வங்கியும் பலமாக இருந்த ஊர்களில் லோன்காரரின் பிடி குறைவாக இருந்தது, இது என் கண்ணால் பார்த்தது. சமூக நலம் என்று பெரிதாகப் பேசுவதற்கு முன்னால் அந்த வங்கிகளை எழுப்புங்கள்.

ஓய்வுபெற்ற வாத்தியார் (கல்முனை)

அக்கா எழுதியதை இரண்டு முறை வாசித்தேன்.

தஞ்சாவூரில் 1892இல் பிறந்த ஜே.சி. குமரப்பா என்ற தமிழர் கணக்காய்வாளராக இருந்தவர், கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் படித்தவர், பிறகு காந்தியோடு சேர்ந்து கிராமப் பொருளாதாரத்துக்காக உழைத்தவர். பறித்துத் தின்னும் பொருளாதாரம் என்றும் கொடுத்து வாழும் பொருளாதாரம் என்றும் இயற்கையைப் பார்த்து அவர் வகை பிரித்தார். எடுத்ததைவிடக் குறையாமல் திருப்பிக் கொடுக்கும் பொருளாதாரமே நிலைக்கும் என்பது அவர் வாதம். இன்று மேற்கில் புதிதாகப் பேசுவதில் பாதியை ஒரு கணக்கர் தமிழ் மண்ணிலிருந்து போய் அன்றே சொல்லிவிட்டார். நம் பிள்ளைகளுக்கு அவர் பெயரே தெரியாது.

இலங்கைக்கும் இதில் ஒரு பெருமை உண்டு. வருமானம் குறைவாக இருந்த காலத்திலேயே இலவசக் கல்வியாலும் இலவச மருத்துவத்தாலும் எங்கள் ஆயுட்காலமும் எழுத்தறிவும் எங்களைவிட வருமானம் கூடிய பல நாடுகளைவிட மேலாக உயர்ந்தன. அமர்த்தியா சென் இதை எடுத்துக்காட்டி எழுதினார். காசு முதலில், நலம் பிறகு என்ற வரிசை கட்டாயமில்லை என்பதற்கு இந்தத் தீவே சாட்சி.

ஆனால் பழைய ஊர் சொர்க்கமாக இருந்தது என்று யாரும் எழுதிவிடாதீர்கள். பெரிய நிலச்சொந்தக்காரரான போடியாரின் வயலில், அதைப் பார்த்துக்கொள்ளும் முல்லைக்காரனும் கூலிக்காரனும் எப்படி வாழ்ந்தார்கள் என்று எனக்குத் தெரியும், என் தகப்பனார் அப்படி வாழ்ந்தவர். 1949இல் தொடங்கிய கல்லோயா நீர்ப்பாசனக் குடியேற்றத் திட்டம் பல்லாயிரம் ஏக்கருக்குத் தண்ணீர் கொடுத்தது. அதே திட்டம் யாருக்குக் காணி, யாருக்கு இல்லை என்ற காயத்தையும் விட்டுப்போனது. சமூக நலம் என்றால் எந்தச் சமூகத்தின் நலம் என்ற கேள்வியை அம்பாறையில் தவிர்க்கவே முடியாது. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூன்று பேரும் உட்காராத மேசையில் போடும் திட்டம் பேண்தகு (நிலைத்து நிற்கும்) திட்டமாகாது.

வட்டை (படுவான்கரை)

நான் விவசாயி, சுருக்கமாகச் சொல்கிறேன். பேண்தகு என்ற பெயரில் எங்கள் தலையில் விழுந்ததையும் சொல்லவேண்டும். 2021 மே மாதம் இரவோடு இரவாக ரசாயனப் பசளையை நிறுத்தினார்கள். இயற்கைப் பசளை எங்கே என்று கேட்டால் பதில் இல்லை. நவம்பரில் தடையை எடுத்தார்கள், அதற்குள் மழைக்கால நெற்செய்கையான பெரும்போகம் போய்விட்டது. பயிர் மஞ்சளாக நின்றது, கதிர் பாதி பதர். விதைநெல்லுக்கே கடன் பட்டோம். கூட்டெரு நல்லது என்று எனக்குத் தெரியும், என் வயலில் ஒரு துண்டில் போட்டுப் பார்க்கிறேன். மண் பழகப் பல போகம் எடுக்கும். கொழும்பில் ஒருவர் கையெழுத்துப் போட்டு மண்ணைத் திருத்த முடியாது.

கன்னக் கூட்டத்தைப் பாருங்கள். ஒவ்வொரு போகத்துக்கும் முன்னால் குளத்தில் எவ்வளவு தண்ணீர், எத்தனை ஏக்கர் செய்யலாம், எந்தத் திகதிக்குள் விதைக்கவேண்டும், எந்தத் திகதிக்குள் மாடுகளை வட்டையிலிருந்து (வயல்வெளியிலிருந்து) வெளியேற்றவேண்டும், எல்லாம் விவசாயிகளும் அதிகாரிகளும் ஒன்றாக உட்கார்ந்து முடிவெடுப்பது. சண்டை வரும், சத்தம் வரும். முடிவானதும் வயல்வெளிப் பொறுப்பாளரான வட்டைவிதானை அதை நடத்துவார். தண்ணீர் குறைந்த வருடத்தில் எல்லாரும் கொஞ்சம் கொஞ்சம் குறைத்துச் செய்வோம். வளர்ச்சிக்கு எல்லை போடுவது என்று நீங்கள் பேசுவதை நாங்கள் வருடத்துக்கு இரண்டு தடவை செய்துகொண்டுதான் இருக்கிறோம்.

வந்தாறுமூலை மாணவி

வட்டை மாமா எழுதியதை அப்படியே எடுத்து ஆராய்ந்தவர்தான் எலினோர் ஒஸ்ட்ரோம். 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற முதல் பெண். நீர்ப்பாசன வாய்க்கால், மீன்பிடி நீர்நிலை, மேய்ச்சல் நிலம் போன்ற பொதுச் சொத்துகளைப் பார்த்து அவர் சொன்னது, அரசாங்கமோ கம்பனியோ பொறுப்பெடுத்தால்தான் காப்பாற்றலாம் என்பது உண்மையில்லை, பயன்படுத்துகிறவர்களே விதி போட்டு, தாங்களே கண்காணித்து, மீறுகிறவருக்குப் படிப்படியாகத் தண்டனை வைத்த இடங்களில் அவை நீண்டகாலம் நிலைத்திருக்கின்றன என்று.

வாவியில் எங்களுக்கு இப்படி ஒன்று வேண்டும். வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மார்கழி மழையில் வாவி நிரம்பினால் வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையின் தாழ்ந்த வயல்கள் மூழ்கும். விவசாயிகள் மணல் திட்டை வெட்டித் தண்ணீரைக் கடலுக்கு விடச் சொல்வார்கள். வாவி மீனவர்களுக்கோ எப்போது வெட்டுகிறார்கள் என்பதுதான் பிரச்சினை, நீர்மட்டமும் உப்பும் மாறினால் மீனும் இறாலும் மாறும். ஒவ்வொரு வெள்ளத்திலும் இது அவசரக் கூட்டமாகத்தான் முடிவாகிறது. வயல், வாவி இரண்டு பக்கத்துச் சங்கங்களும் மழைக்கு முன்னாலேயே உட்கார்ந்து, எந்த மட்டத்துக்கு வந்தால் வெட்டுவது என்று எழுதிவைக்கலாம். தங்கூசி (மெல்லிய நைலோன் இழை) வலையைக் கட்டுப்படுத்துவதையும் அதே மேசையில் பேசலாம்.

இறால் பண்ணை பற்றியும் ஒரு வார்த்தை. வாகரையில் பண்ணை போடும் பேச்சு வரும்போதெல்லாம் வேலை கிடைக்கும் என்பார்கள். புத்தளத்தில் கண்டலை அழித்துக் குளம் வெட்டினார்கள், தொண்ணூறுகளில் வெண்புள்ளி நோய் வந்தது, கைவிட்ட குளங்கள் உவர் தரையாகக் கிடக்கின்றன. அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்து முடிவெடுக்கட்டும்.

வெளிநாடுகளில் சட்டமாகவே கொண்டுவந்திருக்கிறார்கள். வேல்ஸ் 2015இல் வருங்காலத் தலைமுறையின் நலனுக்கென்று ஒரு சட்டம் போட்டது, அரச நிறுவனங்கள் ஒவ்வொரு முடிவிலும் அதைக் கருத்தில் எடுக்கவேண்டும். நியூசிலாந்து 2019இல் நலன்சார் வரவு செலவுத் திட்டம் கொண்டுவந்தது. மொத்த தேசிய மகிழ்ச்சி என்று அளக்கும் பூட்டானை எல்லாருக்கும் தெரியும். ஆனால் பூட்டான் இளைஞர்களும் வேலை தேடி அவுஸ்திரேலியாவுக்குப் போகிறார்கள், அதையும் சேர்த்துத்தான் பார்க்கவேண்டும்.

செங்கலடிப் பெடியன்

தங்கச்சி கடைசியாக எழுதியது பிடித்தது. பூட்டானிலும் என்னைப் போன்ற ஆட்கள் இருக்கிறார்கள்.

சரி, கன்னக் கூட்டம் விளங்குகிறது. ஆனால் கூட்டத்தில் உட்காரக் காணியோ தோணியோ வேண்டும். எனக்கு இரண்டும் இல்லை. எனக்கு எந்த வேலை என்று சொல்லுங்கள். வெறும் வாயால் இல்லாமல், இந்த மாவட்டத்தில் செய்யக்கூடியதாக.

வட்டை (படுவான்கரை)

மகன், பாலைப் பார். நாட்டுக்கு வேண்டிய பாலில் பாதிக்கு மேல் பால்மாவாக இறக்குமதியாகிறது, டொலர் கொடுத்து. எங்கள் மாடுகள் பெரும்போகக் காலத்தில் மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைப் பக்கம்தான் போகும், வட்டையில் பயிர் நிற்கும்போது வேறு போக்கிடம் இல்லை. அந்தத் தரையைக் கேட்டுப் பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் இருந்து சித்தாண்டியில் றோட்டோரத்தில் உட்கார்ந்தார்கள். தரை இருந்தால் பட்டி (மாட்டு மந்தை) இருக்கும். பட்டி இருந்தால் பால் சேகரிக்க, குளிரூட்ட, தயிர் போட, வண்டி ஓட்ட ஆள் வேண்டும். டிப்பர் ஓட்டத் தெரிந்தவனுக்குப் பால் பவுசர் ஓட்டத் தெரியாதா?

வாழைச்சேனைக் காகித ஆலையையும் நினைத்துப் பார். 1956இல் தொடங்கியது, எங்கள் வைக்கோலில் காகிதம் செய்தார்கள். கழிவை வாவியில் விட்டார்கள், அது பிழை, சரியாகச் சுத்திகரித்திருக்கவேண்டும். ஆனால் வயலில் எரிக்கிற வைக்கோலுக்கு விலை வந்தது, வேலையும் வந்தது. மருதமுனைக் கைத்தறியையும் காக்கா ஆக்களிடம் கேள்.

கரைவலை (நிந்தவூர்)

மருதமுனையில் நூல் விலைதான் தறியைக் கொல்கிறது. நூலும் சாயமும் சங்கம் மூலமாக மொத்தமாக வந்தால் இன்னும் எத்தனையோ வீட்டில் தறி ஓடும். சாறன் வாங்கும்போது எங்கே நெய்தது என்று கேட்டு வாங்குங்கள்.

களுவாஞ்சிகுடி அக்கா

பாலோ தறியோ, தொடங்கக் காசு வேண்டும். அது மறுபடி திண்ணை லோனாக வரக்கூடாது. கிராமிய வங்கி வழியாக வரட்டும். இதை யாரும் மறக்கவேண்டாம்.

வாவிக்கரை (மட்டக்களப்பு)

அக்கா சொன்னதை முதல் ஆளாக நான் எழுதி வைத்துக்கொண்டேன்.

கையில் இருக்கிற கருவிகளைச் சொல்கிறேன். பெரிய திட்டம் என்றால் தேசியச் சுற்றாடல் சட்டத்தின் கீழ் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையை மக்கள் பார்வைக்கு வைக்கவேண்டும், 30 வேலை நாட்களுக்குள் யாரும் எழுத்தில் கருத்துச் சொல்லலாம். பத்திரிகையில் சின்ன விளம்பரமாக வரும், கண்ணில் படாமல் நாள் முடிந்துவிடும். நாங்கள் செய்யவேண்டியது அதைக் கண்ட உடனே இந்த இழையில் போடுவது. இரண்டாவது, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம். விண்ணப்பம் கொடுத்தால் தகவல் தருவதா இல்லையா என்று தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும். தமிழிலேயே எழுதலாம்.

அப்புறம் பிரதேச சபை. அடுத்த வருட வரவு செலவுத் திட்டம் டிசம்பருக்குள் நிறைவேறவேண்டும். உங்கள் உறுப்பினரைப் பிடித்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த வேலையால் தொழில் இழக்கப்போகிறவர் யார், அவருக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறீர்கள்? எத்தனை கோடி என்ற எண்ணுக்குப் பக்கத்தில் அந்த எண்ணும் அச்சிலே இருக்கவேண்டும்.

முகத்துவாரம் வெட்டுவதற்கான நீர்மட்டம் பற்றி மாவட்டச் செயலகத்துக்குக் கொடுக்கும் கடிதத்தை மாணவித் தங்கச்சியும் வட்டை அண்ணனும் சேர்ந்து எழுதுகிறீர்களா? வாவி மீனவர் சங்கத்தில் நான் கதைக்கிறேன்.

வந்தாறுமூலை மாணவி

எழுதுகிறேன். மாமா, போன வெள்ளங்களில் எந்த வட்டை எத்தனை நாள் மூழ்கியது என்று வட்டைவிதானையிடம் இருக்கும் குறிப்புத் தேவை.

செங்கலடிப் பெடியன்

மண் விஷயத்தை நான் எடுக்கிறேன். எங்கள் ஆற்றில் யார் யாருக்கு மண் அனுமதி கொடுத்திருக்கிறார்கள், எத்தனை கியூப், எந்த இடத்தில், எந்தத் திகதி வரைக்கும் என்று புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகத்துக்குத் தகவலறியும் சட்டத்தில் விண்ணப்பம் போடப்போகிறேன். அனுமதியை விட எவ்வளவு கூடுதலாகப் போகிறது என்று டிப்பரில் ஓடுகிற எங்களுக்குத்தான் தெரியும். என் பெயரில் போட்டால் வேலை போகும், அதனால் இரண்டு மூன்று ஊர்ச் சங்கங்களின் பெயரில் ஒரே நேரத்தில் போடவேண்டும். சித்தாண்டி, கிரான் பக்கத்தில் யாராவது கையெழுத்துப் போடத் தயாரென்றால் தனிமடல் அனுப்புங்கள்.